கடன் வாங்கி வீட்டைச் செப்பனிடுவோர் அறிய வேண்டிய மஸ்அலாக்கள்

 

தொழுகையின் மஸ்அலாவையும் நோன்பின் மஸ்அலாவையும் கேட்டு வருபவர்கள் பலர். கொத்தனாரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்திற்கு மஸ்அலா கேட்டு வருபவர் அரிது. வீட்டு வேலை உலகக் காரியம், அதில் மார்க்கத்திற்கு என்ன வேலை என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் மத்ரஸாக்களில் நாம் ஓதுகிற ஹிதாயா போன்ற ஃபிக்ஹு நூல்களில் ‘கிதாபுல் இஜாரா’ என்று கூலி ஒப்பந்தத்திற்கென ஒரு முழுப் பகுதியே இருக்கிறது. அதை ஓதிவிட்டு ஊருக்கு வந்த நாமே அதை மறந்து நடந்த ஒரு நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிட்டு, பிறகு பாடத்திற்குள் நுழைவோம்.

போத்தனூரில் நடந்தது

2021-ஆம் ஆண்டு. போத்தனூரில் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரர் நம்மிடம் வந்தார். மண் சுவரும் நாட்டு ஓடுமாகப் பாட்டனார் காலத்து வீடு. ஐப்பசி மழை வந்தால் பாத்திரம் வைக்க இடமில்லாமல் ஒழுகும். ஆஸ்துமா உள்ள தாயார், மனைவி, மூன்று பிள்ளைகள். கழிப்பறை வீட்டிற்கு வெளியே. மத்திய அரசின் பிரதம மந்திரி வீட்டு வசதித் திட்டத்தின் கீழ் வட்டி மானியத்துடன் 6 லட்சம் ரூபாய் வங்கிக் கடன் அவருக்கு அனுமதியாகியிருந்தது. கடன் பத்திரத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டார். கடனைப் பற்றி முன்னதாக அவர் கேட்கவில்லை. “ஹஜ்ரத், நல்ல காண்ட்ராக்டர் யாராவது இருந்தாச் சொல்லுங்க” என்று மட்டும் கேட்டார்.

நாம் ஒருவரைச் சொன்னோம். அவர் ஐந்து வேளையும் முதல் ஸஃப்பில் நிற்பவர். “நம்ம ஆள்தான், நம்பிக் கொடுங்கள்” என்று வாயாரச் சொன்னோம். அவர் கட்டிய ஒரு வீட்டையும் நாம் பார்த்திருக்கவில்லை. அவரிடம் வேலை கொடுத்த ஒருவரையும் விசாரிக்கவில்லை.

எழுத்தில் ஒன்றும் இல்லை. “எல்லாம் சேர்த்து ஐந்தரை லட்சம்” என்பதே பேச்சு. அந்த ‘எல்லாம்’ எது எது என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. வங்கி முதல் தவணையாக விடுவித்த 3 லட்சமும் அப்படியே காண்ட்ராக்டர் கைக்குப் போயிற்று. புரட்டாசியில் ஓட்டைப் பிரித்தார்கள், சுவரை இடித்தார்கள், அஸ்திவாரம் போட்டுச் சுவர் இடுப்பளவு எழும்பியது. பிறகு ஆட்கள் வரவில்லை. காண்ட்ராக்டர் இன்னொரு ஊரில் வேலை பிடித்திருந்தார். நம் சகோதரரின் பணம் அங்கே சிமெண்டாகவும் கம்பியாகவும் மாறியிருந்தது.

மழை வந்தது. குடும்பம் ஒரு தார்ப்பாயின் கீழ். தாயாரைக் குனியமுத்தூரில் மகள் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அடுத்த தவணையைக் கேட்டு வங்கிக்குப் போனால், வேலை முன்னேறினால்தான் பணம் என்றார்கள். காண்ட்ராக்டரைக் கேட்டால், பணம் வந்தால்தான் வேலை என்றார். கடனுக்கான மாதாந்தர வசூல் மட்டும் நிற்கவில்லை.

இஷாவுக்குப் பிறகு பள்ளிவாசலில் இருவரையும் உட்கார வைத்தோம். காண்ட்ராக்டர் அழுதார். “ஏமாத்தோணும்னு நினைக்கலீங்க ஹஜ்ரத். ஒரு எடத்துப் பணத்தை இன்னொரு எடத்துல போட்டு ஓட்டிட்டு இருந்தேன், மாட்டிக்கிட்டேன். வேலை முடிஞ்ச மாதிரி ஒரு சர்டிபிகேட் வாங்கிக் குடுத்துட்டா பேங்க்குல பணத்தை விட்டுருவாங்க, எல்லாத்தையும் சரி பண்ணிடறேனுங்க” என்றார். சகோதரர் நம் முகத்தைப் பார்த்தார். நனைந்த வீட்டில் இருப்பவருக்கு அந்த யோசனை எவ்வளவு இனித்திருக்கும்! ஆனால் அது பொய்ச் சாட்சி. கூடாதென்று சொன்னோம்.

அப்போதுதான் உமர் (ரலி) அவர்களைப் பற்றி அறிவிக்கப்படும் செய்தி நம் நெஞ்சைச் சுட்டது. ஒருவர் இன்னொருவரை நல்லவர் என்று பரிந்துரைத்தபோது உமர் (ரலி) அவர்கள் அவரிடம் விசாரித்தார்கள்: நீர் அவருக்கு அண்டை வீட்டாரா? அவரோடு பயணம் செய்ததுண்டா? பொற்காசு வெள்ளிக்காசில் அவரோடு கொடுக்கல் வாங்கல் செய்ததுண்டா? எல்லாவற்றுக்கும் இல்லை என்று பதில் வந்தது. அப்படியானால் பள்ளிவாசலில் அவர் தொழுவதைத்தான் பார்த்திருப்பீர், அவரை உமக்குத் தெரியாது என்ற பொருள்பட உமர் (ரலி) அவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்தப் பரிந்துரைக்காரரின் இடத்தில்தான் நாமும் நின்றோம்.

இந்தப் பழியில் நமக்கும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொண்டே இப்பாடத்தை எழுதுகிறோம்.

கடனைப் பற்றி முதலில்

வேலைக்காரரைத் தேடுமுன் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். வட்டி ஹராம் என்பதில் உம்மத்தில் கருத்து வேறுபாடு இல்லை. அல்பகரா அத்தியாயத்தின் 275 முதல் 279 வரையுள்ள வசனங்கள் வட்டியைக் கடுமையாகத் தடுக்கின்றன. வாங்குபவர், கொடுப்பவர், எழுதுபவர், சாட்சி நிற்பவர் அனைவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்திருப்பது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

“அரசாங்கம் மானியம் கொடுக்கிறதே, அதனால் வட்டி கழிந்துவிடாதா?” என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். அரசாங்கம் தள்ளுபடி செய்யும் தொகை வட்டிக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்து, வாங்கிய தொகைக்கு மேல் ஒரு காசும் திருப்பிச் செலுத்த நேராவிட்டால் அக்கடன் வட்டிக் கடனாகாது என்று இந்திய உலமாக்களில் பலர் கூறியுள்ளனர். ஆகவே கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

2015 ஜூன் 25 அன்று தொடங்கப்பட்ட நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தில், ஆண்டு வருமானம் 6 லட்சத்துக்கு மேற்படாத குடும்பங்களுக்கு, முதல் 6 லட்சம் ரூபாய்க் கடன் மீது 6.5 சதவீத வட்டி மானியம் தரப்பட்டது. இருக்கிற வீட்டோடு அறை, சமையலறை, கழிப்பறை சேர்த்துக் கட்டுவதற்கும் அது அனுமதிக்கப்பட்டிருந்தது. 20 ஆண்டுக்கான மானியத்தை முன்கூட்டியே கணக்கிட்டுக் கடன் கணக்கில் வரவு வைத்தார்கள். அது அதிகபட்சம் சுமார் 2 லட்சத்து 67 ஆயிரம். மீதி நிற்கும் அசல் 3 லட்சத்து 33 ஆயிரம். வங்கி வட்டி எட்டரை சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மாதம் ஏறத்தாழ 2,890 ரூபாய் வீதம் 240 மாதங்களில் செலுத்துவது 6 லட்சத்து 93 ஆயிரத்துக்குச் சற்று மேல். வாங்கியது 6 லட்சம், கொடுப்பது அதைவிட 93 ஆயிரம் அதிகம். ஆகவே மானியம் வட்டியைக் குறைத்தது, அழித்துவிடவில்லை. அதே கடனை வெகு முன்னதாகவே அடைத்துவிட்டவருக்கோ, மொத்தம் செலுத்தியது 6 லட்சத்துக்குள்ளேயே முடிந்திருக்கவும் கூடும். எனவே ஒவ்வொருவரும் தம் கணக்கைத் தாமே போட்டுப் பார்க்க வேண்டும்.

அந்த மானியம் 2022 மார்ச் 31-உடன் முடிந்துவிட்டது. 2024 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் திட்டத்தில் வேறு கணக்கு. ஆண்டு வருமானம் 9 லட்சம் வரையுள்ளோர், 35 லட்சம் வரை மதிப்புள்ள வீட்டுக்கு, 25 லட்சம் வரை வாங்கும் கடனில், முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத மானியம். அது மொத்தம் 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேற்படாமல் ஐந்து ஆண்டுத் தவணைகளில் வரும். இங்கும் மானியம் முழு வட்டியையும் அடைத்துவிடுவதில்லை.

ஆகவே மஸ்அலா இது: வட்டி இல்லாத வழிகளே முதலில். உறவினரிடமோ ஜமாஅத்திலோ கர்ள் ஹஸன் கேட்பது, சும்மா கிடக்கும் நகையை விற்பது, இந்த ஆண்டு கூரை, அடுத்த ஆண்டு கழிப்பறை என்று கையிருப்புக்கேற்பச் சிறுகச் சிறுகக் கட்டுவது. நம் பாட்டன்மார் அப்படித்தான் கட்டினார்கள். இவை எதுவும் கைகூடாமல், கூரை விழும் நிலையில் குடும்பம் இருந்தால், நிர்ப்பந்தம் என்பதற்குத் தனிச் சட்டம் உண்டு. ஆனால் அது நிர்ப்பந்தம்தானா என்பதை அவரவரே தீர்மானித்துக்கொள்ளாமல், தம் நிலைமையை முழுக்கச் சொல்லி ஒரு முஃப்தியிடம் ஃபத்வா கேட்க வேண்டும். ஒழுகும் கூரைக்குக் கிடைக்கும் சலுகை இத்தாலிய மார்பிளுக்குக் கிடைக்காது.

ஏற்கெனவே கடனில் இறங்கிவிட்டவர்கள் தவ்பாச் செய்து, கையில் வரும் பணத்தையெல்லாம் போட்டு விரைவில் அடைத்துவிட முயல வேண்டும். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் வங்கிகள் அபராதம் வசூலிக்கக் கூடாதென்று 2012-லேயே ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. கடன் முழுவதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்றும், வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்றும் உள்ள உத்தரவு 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

கடனாளியின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் தொழவைக்கத் தயங்கியதும், அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனுக்குப் பொறுப்பேற்ற பின்னரே தொழவைத்ததும் ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. வீட்டைக் கட்டியவர் ஏமாற்றிவிட்டார் என்பதற்காகக் கடன் கழுத்திலிருந்து இறங்கிவிடாது.

பொய்க் கணக்குகள்

மானியம் பெறுவதற்காக வருமானத்தைக் குறைத்துக் காட்டுவது, வேறு வீடு இருப்பதை மறைத்து உறுதிமொழி கொடுப்பது, 4 லட்ச வேலைக்கு 7 லட்சம் எஸ்டிமேட் வாங்குவது, வீட்டுக்கென வாங்கிய பணத்தை மகளின் கல்யாணத்துக்குத் திருப்புவது, முடியாத வேலைக்கு முடிந்ததாகச் சான்று வாங்குவது — இவை எல்லாம் பொய்யிலும் துரோகத்திலும் சேரும். அரசாங்கப் பணம்தானே என்று சிலர் கேட்கிறார்கள். அது ஏழை எளியவர்க்கென ஒதுக்கிய பொது அமானத். அதில் தகுதியில்லாதவர் கைவைத்தால் அவர் எடுப்பது ஓர் ஏழையின் கூரையை.

எந்த வகை ஒப்பந்தம்?

நம் பகுதியில் மூன்று விதமாக வேலை விடுகிறார்கள். மூன்றுக்கும் ஷரீஅத்தில் தனித்தனிச் சட்டம்.

ஒன்று, தினக்கூலி. கொத்தனார், பெரியாள், சித்தாள் இவர்களை நாட்கணக்கில் அழைப்பது. இவர்களுக்கு ஃபிக்ஹில் ‘அஜீர் காஸ்’ என்று பெயர். குறித்த நேரத்துக்குத் தம்மை ஒப்படைத்துவிட்டால் கூலிக்கு உரியவர்கள். நீங்கள் மணல் வாங்கி வைக்காததால் அவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் கூலி கொடுக்க வேண்டும். வேலை செய்கையில் கவனக்குறைவோ வேண்டுமென்ற செயலோ இல்லாமல் ஒரு டைல் உடைந்தால் அதன் விலையை அவர் கூலியில் பிடிக்கக் கூடாது.

இரண்டு, லேபர் காண்ட்ராக்ட். பொருள் உங்களுடையது, சதுரடிக்கு இன்ன கூலி என்று பேசுவது. இவர் ‘அஜீர் முஷ்தரக்’, பலருக்கும் வேலை செய்பவர். வேலையைச் செய்தால்தான் கூலி. இவருடைய செய்கையால் பொருள் கெட்டால் இவரே ஈடு செய்ய வேண்டும். வெளுக்கக் கொடுத்த துணி வெளுப்பவர் அடித்ததில் கிழிந்தால் அவரே பொறுப்பு என்று ஹனஃபி இமாம்கள் சொல்லியிருப்பதை இதற்கு ஒப்பிடலாம். அவர் செய்கையில்லாமல், திருட்டுப் போன்றவற்றால் பொருள் போனால் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களிடம் அவர் பொறுப்பில்லை. தவிர்த்திருக்கக் கூடிய இழப்பானால் பொறுப்பு என்பது இமாம் அபூ யூஸுஃப், இமாம் முஹம்மது (ரஹ்) ஆகியோரின் கருத்து. இரவில் சிமெண்ட் மூட்டைக்கு யார் காவல் என்பதை முன்பே பேசிவைத்தால் இந்த விவாதமே எழாது.

மூன்று, பொருளோடு சேர்த்து விடும் முழுக் காண்ட்ராக்ட். இது ‘இஸ்திஸ்னா’. பொருளும் உழைப்பும் அவருடையவை, முடித்துத் தருவது அவர் கடமை. இதில் பொருளின் தரம், அளவு, விலை எல்லாம் ஐயமின்றி விவரிக்கப்பட்டிருக்க வேண்டும். “நல்ல கம்பி, நல்ல டைல்ஸ்” என்பது விவரமாகாது. எந்தக் கம்பெனி, எத்தனை மில்லிமீட்டர், சதுரடி என்ன விலைக்குட்பட்டது என்று சொல்ல வேண்டும்.

கூலியை “முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம்” என்று விட்டால் அந்த இஜாரா ஃபாஸித் ஆகிவிடும். வேலை நடந்துவிட்டால் ஊர் வழக்கத்தில் அத்தகைய வேலைக்குரிய கூலியான ‘அஜ்ருல் மித்ல்’ கொடுக்க வேண்டி வரும். வேலைக்காரரை அமர்த்தினால் கூலியை முன்பே தெரிவிக்க வேண்டும் என்று ரிவாயத்தும் உண்டு.

எழுதிக்கொள்ளுங்கள்

திருமறையின் மிக நீண்ட வசனம் அல்பகராவின் 282-ஆவது வசனம். அது கடன் கொடுக்கல் வாங்கலைத் தவணையோடு எழுதிக்கொள்ளவும் சாட்சி வைக்கவும் கட்டளையிடுகிறது. சிறியதோ பெரியதோ எழுதச் சோம்பாதீர்கள் என்றும் எச்சரிக்கிறது. “நமக்குள் எழுத்தா?” என்று முகம் சுளிப்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். எழுதுவது அவநம்பிக்கையைக் காட்டுவதன்று. மறதியும் மரணமும் எல்லோருக்கும் உண்டு என்பதால் எழுதுகிறோம்.

ஒப்பந்தத்தில் இவை இருக்கட்டும்:

1. செய்ய வேண்டிய வேலைகளின் முழுப் பட்டியலும் வரைபடமும். பட்டியலில் இல்லாத வேலை வந்தால் அதற்கு விலை பேசி, எழுதி, இருவரும் கையெழுத்திட்ட பிறகே தொடங்குவது.

2. பொருள் யாருடையது, தரம் என்ன, கணக்கு யார் எழுதுவது.

3. மொத்தத் தொகை, எந்தக் கட்டம் முடிந்தால் எவ்வளவு. முன்பணம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம் என்பது நம் யோசனை. அஸ்திவாரம், சுவர், தளம், பூச்சு, ஒயரிங், குழாய் வேலை, தரை என்று கட்டங்களைப் பிரித்து, வங்கி பணம் விடுவிக்கும் கட்டங்களோடு அவற்றைப் பொருத்திவிட வேண்டும். நம் சகோதரர் மாட்டிக்கொண்டது இந்தப் பொருத்தம் இல்லாததால்தான்.

4. தொடங்கும் நாள், முடிக்கும் நாள். கூரையைப் பிரிக்கும் வேலையானால் சித்திரைக்குள் முடிவது போல் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஆனி, ஆடியில் சாரலும் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழையும் உண்டு.

5. காரணமின்றித் தாமதித்தால் என்ன கழிவு. இஸ்திஸ்னா ஒப்பந்தத்தில் இருவரும் ஒத்துக்கொண்டால், எதிர்பாராத தடைகள் நீங்கலாக, இப்படி ஒரு நிபந்தனை வைக்கலாம் என்று 1992-இல் ஜித்தாவில் கூடிய பன்னாட்டு ஃபிக்ஹு அகாடமி தீர்மானித்துள்ளது. கடனைச் செலுத்தத் தாமதித்தால் அபராதம் என்பது வேறு, அது வட்டி.

6. கடைசியில் நிறுத்திவைக்கும் தொகை எவ்வளவு, ஒரு மழைக்காலம் பார்த்துக் கசிவு இல்லையென்றால் எந்தத் தேதியில் கொடுப்பது.

7. பிணக்கு வந்தால் நடுவர் யார். விவரம் தெரிந்த இன்ஜினீயர் ஒருவரும் இருவருக்கும் சம்மதமான பெரியவர் ஒருவரும் போதும்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது

மூஸா (அலை) அவர்களைக் கூலிக்கு அமர்த்தும்படி தந்தையிடம் சொன்ன பெண்மணி, வலிமை, நம்பகம் என்ற இரு தகுதிகளைச் சொன்னதாக அல்கஸஸ் அத்தியாயத்தின் 26-ஆம் வசனம் கூறுகிறது. நாம் நம்பகத்தையே பார்த்தோம், அதையும் தொழுகை வரிசையில் மட்டும் பார்த்தோம். தொழிலறிவும் கைத்திறமும் ஆள்பலமும் ‘வலிமை’யில் அடங்கும். ஆகவே அவர் கட்டிய மூன்று வீடுகளையாவது போய்ப் பாருங்கள். அவ்வீட்டாரிடம், குறிப்பாகப் பெண்களிடம், “சொன்ன நாளில் முடித்தாரா? மழையில் ஒழுகுகிறதா? பணம் வாங்கியபின் குரல் மாறியதா?” என்று கேளுங்கள். அவரிடம் வேலை செய்யும் கொத்தனாரிடம் “சனிக்கிழமை கூலி சரியாகக் கிடைக்கிறதா?” என்று கேளுங்கள். கூலிக்காரருக்கு வஞ்சகம் செய்பவர் உங்களுக்கு நேர்மை காட்டுவார் என்பதற்கு என்ன உறுதி? திறமையும் நேர்மையும் உள்ளவர் பிற சமயத்தவராயிருந்தாலும் அவரிடம் வேலை கொடுப்பதில் தடையில்லை. நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத்தின்போது வழிகாட்டக் கூலிக்கு அமர்த்தியவர் முஸ்லிமல்லர்.

தொழில் விவரம் கொஞ்சம்

வீட்டுக்காரருக்கும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். கம்பி கட்டிப் போடும் கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்-20 என்ற தரம் வேண்டும். கலவை ஒரு பங்கு சிமெண்டுக்கு ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி. 50 கிலோ மூட்டைக்குத் தண்ணீர் 30 லிட்டருக்கு மேல் கூடாது. கலவை இளகினால் வேலை எளிது, ஆகவே ஆட்கள் தண்ணீரைக் கூட்டுவார்கள். அது தளத்தின் பலத்தைத் தின்றுவிடும். சாதாரண சிமெண்டானால் குறைந்தது 7 நாளும், சாம்பல் கலந்த வகையானால் 10 நாளும் தண்ணீர் விட்டு ஈரம் காக்க வேண்டும். தளத்தின் முட்டுகளை நாலரை மீட்டர் வரையுள்ள அகலத்துக்கு 7 நாளும், அதற்கு மேற்பட்டால் 14 நாளும் பிரிக்கக் கூடாது. சென்ட்ரிங் பலகைக்கு வாடகை ஏறுகிறதென்று முன்கூட்டியே பிரிக்கச் சொல்பவர், கீழே படுத்துறங்கப் போகிறவர்களின் உயிரோடு விளையாடுகிறார்.

ஓடு மாற்றுதல், பூச்சு, வெள்ளையடித்தல் போன்ற பழுதுபார்ப்புக்குத் தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளில் தனி அனுமதி தேவையில்லை. அறையோ மாடியோ சேர்த்தால் மாநகராட்சி அனுமதி வேண்டும். 2,500 சதுரடி வரையுள்ள மனையில் 3,500 சதுரடி வரை கட்டும் குடியிருப்புகளுக்குச் சுயசான்று முறையில் இணையவழி அனுமதி 2024 ஜூலை முதல் கிடைக்கிறது. ஆகவே கைக்கூலி கொடுத்துக் குறுக்கு வழி தேட அவசியமில்லை.

கமிஷன்

மேஸ்திரி உங்கள் சார்பில் உங்கள் பணத்தில் பொருள் வாங்கினால் அவர் உங்கள் வக்கீல், அதாவது பிரதிநிதி. கடைக்காரர் குறைத்துக் கொடுக்கும் விலையின் பயன் உங்களுக்கே சேரும். அதை மறைத்துத் தாம் எடுத்துக்கொள்வது அவருக்கு ஆகாது. அவருக்கு அலைச்சல் கூலி வேண்டுமென்றால் வெளிப்படையாகப் பேசி வாங்கட்டும், அது ஹலால். முழுக் காண்ட்ராக்டில் பொருள் அவருடையது, தள்ளுபடியும் அவருடையது. நீங்கள் அதில் கணக்குக் கேட்க வேண்டாம், தரத்தை மட்டும் கேளுங்கள்.

கூலியாளின் உரிமை

இதுவரை வீட்டுக்காரர் பக்கம் பேசினோம். இனி மறுபக்கம். வேலையை முழுக்க வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவருக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் அறிவிப்பதை நபி (ஸல்) அவர்கள் எடுத்துரைத்துள்ளார்கள். இது புகாரியில் உள்ளது. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கும்படி அவர்கள் பணித்தது இப்னு மாஜாவில் உள்ளது. கூலியாள் நம் ஊர்க்காரரா, வடநாட்டிலிருந்து வந்தவரா, கலிமாச் சொன்னவரா இல்லையா என்ற பேதம் இதில் இல்லை.

குகையில் அடைபட்ட மூவரின் வரலாறு நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். மூவரில் ஒருவர், வாங்காமல் போன கூலியாளின் கூலியைப் பெருக்கி வைத்துப் பின்னாளில் முழுவதையும் ஒப்படைத்தவர். அதை முன்னிறுத்தித் துஆக் கேட்டபோது பாறை விலகியது. நாமோ கடைசித் தொகையைக் கொடுக்காமல் இழுத்தடித்து, இல்லாத குறை சொல்லி, “அல்லாஹ்வுக்காக விட்டுக்கொடுங்கள்” என்கிறோம். அளவில் மோசடி செய்வோரைக் கண்டிக்கும் அல்முதஃப்பிஃபீன் அத்தியாயம், பிறரிடம் நிறைவாக வாங்கித் தாம் குறைத்துக் கொடுப்பவர்களைத்தான் சொல்கிறது. அது காண்ட்ராக்டருக்கு மட்டும் இறங்கியதன்று.

வேலையாட்களுக்குக் குடிநீரும், ஒதுங்க இடமும், தொழுவோருக்குத் தொழுகை நேரமும் கொடுங்கள். கட்டுமானத் தொழிலாளர்களுக்கென 1994 முதல் தமிழ்நாட்டில் நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்துகொள்ளாதவரைப் பதியச் சொல்லுங்கள், விபத்து நேர்ந்தால் அவர் குடும்பத்துக்கு உதவும்.

அண்டை வீட்டாரின் ஹக்

ஜல்லியைத் தெருவில் கொட்டிச் சாக்கடையை அடைப்பதும், வெள்ளியன்று லோடு இறக்கிப் பள்ளிக்குப் போகிற வழியை மறிப்பதும், இரவில் டைல் அறுப்பதும் அண்டை வீட்டாருக்குச் செய்யும் துன்பம். ஜன்னல் வைக்குமுன் அது யார் வீட்டு முற்றத்தைப் பார்க்கிறது என்று யோசியுங்கள். மறுபுறம், தன் சுவரில் அண்டை வீட்டார் உத்திரம் பதிப்பதைத் தடுக்க வேண்டாமென நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருப்பதை அண்டை வீட்டாரும் நினைவில் கொள்ளட்டும்.

முடிவு என்னவாயிற்று?

வாசகர்கள் கேட்பார்கள். நடுநிலையான ஓர் இன்ஜினீயர் வந்து, நடந்த வேலையை அளந்து 1 லட்சத்து 90 ஆயிரம் என்று மதிப்பிட்டார். காண்ட்ராக்டர் பொறுப்பில் 1 லட்சத்து 10 ஆயிரம் நின்றது. அவரிடம் பணமில்லை. சிரமத்திலுள்ள கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்லும் அல்பகராவின் 280-ஆம் வசனத்தை இருவருக்கும் விளக்கினோம். பணமாகத் தர முடியாததை வேலையாகச் செய்து தருவதென்று அன்றிரவே எழுதி, இருவர் சாட்சிக் கையெழுத்திட்டனர். ஒவ்வொரு ஜும்ஆவுக்குப் பிறகும் நாமே போய் அந்த வார வேலையைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். பொறுப்பில்லாமல் பரிந்துரைத்ததற்கு நம்மால் இயன்ற பரிகாரம் அதுதான். சுவர் எழுந்ததும் வங்கியின் இன்ஜினீயர் உண்மையான வேலையைப் பார்த்து உண்மையான சான்று கொடுத்தார், அடுத்த தவணை வந்தது. தை மாதம் தளம் போட்டார்கள். ஆனால் அந்த ஐப்பசியையும் கார்த்திகையையும் யாராலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. தாயார் மாசியில்தான் வீடு திரும்பினார்கள்.

இப்படி இணக்கமாகத் தீராதவை நீதிமன்றம் போகவும் வழியுண்டு. வீடு கட்டித் தருவதும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவையாகவே சொல்லப்படுகிறது. குறைபாடு இருந்தால் இரண்டாண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். அங்கேயும் முதலில் கேட்கப்படுவது எழுத்துதான்.

இப்போது நம்மிடம் யாராவது காண்ட்ராக்டரைக் கேட்டால் பெயர் சொல்வதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் காட்டுகிறோம். “முதலில் இது, பிறகு ஆள்” என்கிறோம்.

வல்ல அல்லாஹ் நம் வீடுகளை ஹலாலான பொருளால் உயர்த்துவானாக! அவற்றைக் கட்டியவர்களின் கூலி நம் கழுத்தில் நில்லாமலும், நம் கடன் நம்மோடு கப்ருக்கு வராமலும் காப்பானாக! ஆமீன்.